ஜரிகை சுற்றிய பிளக் ஒயர்

என் அக்கா ராசியில்லாதவள் என்று ஊர் பேசுவதற்குக் காரணம் நான்தான். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... கேட்டுவிட்டுத் திட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தறி, ஒரு கிழட்டுக் கார். காரை நைனா கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார். அக்காவைப் பெண் பார்க்க மாகறலிலிருந்து வருவதாக இருந்தார்கள். அவர்களை எங்கள் காரிலேயே அழைத்து வருவது என்று முடிவாயிற்று. அதுவோ கொஞ்ச நாளாக விட்டு விட்டு இருமிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றார் நைனா. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ஆயிற்றே! என்ஜினின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் ஒயரில்தான் கோளாறு, நானே பார்க்கிறேன் என்று மார்தட்டினேன்.

பார்க்கத் தெரியும், அதில் பொய்யில்லை. என்ஜினை ஓடவிட்டு, காய்ந்த துணியால் பிடித்து, ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். நல்ல ஒயரைக் கழற்றினால் என்ஜின் சத்தம் தொய்யும். கெட்டதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இருக்காது. நாலில் இரண்டு கெட்டவை. புதிது வாங்கி மாற்றினேன். மற்ற இரண்டின் ரப்பரிலும் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. பார்த்தேன்... ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

அத்தோடாவது நின்றிருக்கலாம். புது ஒயர்கள் நீளமாகிப்போய்த் தொங்கின. தறியடியில் கிடந்த கழிவு ஜரிகையை எடுத்து நாலையும் சேர்த்துச் சுற்றி, நுனியை என்ஜின் போல்ட் ஒன்றில் முடிந்தேன். சாதாரண நூல் ஆகாதா? ஆகும். ஆனால் மாப்பிள்ளை பானட்டைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் பளபளக்க வேண்டுமாம்! ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. வெள்ளியில் மின்சாரம் பாயும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

மாகறலில் மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். சக்கரம் இறங்கியதும் தண்ணீர் பானட்டுக்கு உள்ளே தெறித்தது. என்ஜின் உதறி அடங்கிவிட்டது.

பானட்டைத் திறந்ததுமே புரிந்தது. பழைய ஒயர்களைத் தொட்ட இடத்தில் ஜரிகை கருகியிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம், நனைந்த வெடிப்பு வழியே ஜரிகையில் ஏறி, போல்ட் வழியே என்ஜின் உடம்பில் இறங்கியிருக்கிறது. ஜரிகையை அறுத்து ஜேபியில் போட்டுக்கொண்டேன். ஒயர்களைத் துடைத்து, வண்டியின் முன்னால் ஸ்டார்ட் செய்யும் கம்பியை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினேன். வண்டி எடுத்துக்கொண்டது.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். நல்ல மனுஷன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏன்பா நின்னுச்சி? நீ காலேஜ் படிக்கிறவனாச்சே."

நான் சொன்ன பதில்தான் என் குற்றம்.

"தெரியலைங்க. தானா நின்னுச்சி, தானா எடுத்துக்கிச்சி."

உள்ளேயிருந்து அவர் அம்மா பேசினார். "கேட்டுக்கினியாடா? நல்ல காரியத்துக்குப் போறப்ப தானா நின்னுச்சாம். அந்தப் பொண்ணு நமக்கு வாணாம். வண்டியத் திருப்புபா."

திருப்பினேன்... என் கையாலேயே திருப்பினேன்!

சகுனமெல்லாம் மடத்தனம் என்று கல்லூரிப் பகுத்தறிவு மன்றத்தில் முழங்கியவன் அல்லவா நீ என்று கேட்பீர்கள். ஆமாம், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான்! அந்தச் சிரிப்புக்குப் பயந்து சகுனத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பெண்ணுக்கு ராசியில்லை என்ற பேச்சு எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்து சேரத் தாமதமாகவில்லை. பிறகு அக்காவைக் கேட்டு வந்தவர்கள் தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். ஆரம்பத்தில் அக்கா சிரித்தாள். வண்டி கெட்டால் நான் என்ன செய்வேன் என்பாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

நேற்று செவிலிமேட்டில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். எல்லோரும் காரில் ஏறிவிட்டோம். அக்கா மட்டும் வாசலில் நின்றாள்.

"நீங்க போங்கபா. நான் ஏறி, வழியில நின்னுடுச்சின்னா அந்தப் பொண்ணுக்கு ஆவாது."

நைனா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. படிச்சவன் சொன்னா கேப்பா."

அக்காவும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன்...

"சாப்பாடு எடுத்துக்கினு வரேங்கா" என்றேன். வண்டியை எடுத்தேன்.