அப்பா கழுவிய கிளாஸ்

எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் அப்பாவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனேன். திருத்துறைப்பூண்டி பக்கம் பண்ணை வேலை பார்த்தவர். நெல்லுக்கூலி கூட்டிக் கேட்டு, பண்ணையார் ஆட்களிடம் அடிபட்டவர்.

"மணல்ல இருக்கே, அந்தக் கீத்துக் கடையே போதும்மா" என்றார். நான் கேட்காமல் ஃபேன் ஓடும் ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன். மீன் வறுவலோடு சாப்பாடு, பிறகு டீ. பக்கத்தில் மெழுகுவத்தி வாங்கிவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணோம். கடலில் இறங்கிவிட்டாரோ என்று பதறி அலையோரமெல்லாம் ஓடினேன்.

கடைசியில் ஹோட்டலுக்குப் பின்னால், குழாயடியில் இருந்தார். டீ குடித்த கிளாஸைக் கழுவி, எங்கே கவிழ்ப்பதென்று தெரியாமல் நின்றார். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருவுக்குத் தனி கிளாஸ். குடித்தவர்தான் கழுவிவைக்க வேண்டும்.

"மானத்த வாங்காதீங்கப்பா!" என்று, கை கழுவ வந்திருந்த எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"பழகிடுச்சும்மா" என்றார். அதன்பின் என்னோடு எந்தக் கடைக்கும் வரவில்லை. போன தை மாதம் இறந்துபோனார்.

இப்போது யாரைக் கூட்டிப்போனாலும், எங்கே சாப்பிடலாம் என்று அவர்களையே கேட்கிறேன். தனியாகப் போனால் அந்தக் கீற்றுக் கடைதான். அங்கே எல்லோரும் மணலில்தான் உட்காருகிறார்கள். அப்பா அன்றே அதைக் கவனித்திருக்கிறார். நான்தான் ஃபேனைப் பார்த்தேன்.