நெகட்டிவ் இல்லாத படம்

மலேசியாவின் கோலசிலாங்கூர் டவுனில் சேதுவின் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், அவர்தான் படம் எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கேமராவுக்குப் பின்னால் போய் நிற்பதோ அவர் மனைவி அமராவதியாக இருக்கும். சேதுவுக்கு இருட்டறை வேலை. பிலிம் கழுவுவார், பிரிண்ட் போடுவார், நெகட்டிவுகளைப் பிஸ்கட் டின்களில் அடுக்கிவைப்பார். ஆட்களோடு பேசுவதென்றால் அவருக்குக் கூச்சம். அமராவதி புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஆளை ஒரே வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து ஜனங்கள் ஐ.சி. என்கிற அடையாள அட்டைப் படத்துக்காக அதிகம் வந்தார்கள். எடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று இரண்டு தடவை பஸ் ஏறவேண்டும். இரண்டு நாள் சம்பளம் போய்விடும். படத்தைக் கையோடு கொடுத்துவிட்டால் என்ன என்று அமராவதி யோசித்தாள். ஸ்டூடியோவில் ஒரு பழைய ஜெர்மன் கேமரா இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சேதுவின் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. அதன் பின்பக்கத்துப் பிலிம் பெட்டி தனியாகக் கழன்று வரும். கோலாலம்பூரில் எடுத்த கையோடு தாளில் படம் தருகிற போலராய்ட் கேமரா ஒன்றை, லென்ஸ் உடைந்ததாக வாங்கிவந்து, அதன் பின்பாதியை அறுத்தெடுத்து, ஜெர்மன்காரனின் முதுகில் பொருத்துவது என்று இறங்கினாள்.

சொல்வதற்குச் சுலபம். போலராய்ட் தாள், பிலிம் இருந்த அதே இடத்தில் இருக்கவேண்டும். நகக்கனம் தள்ளிப்போனாலும் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கிவிடும். தஞ்சோங் காராங்கில் நெல் மெஷின் பழுது பார்க்கும் சீனர் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டி வாங்கிவந்தாள். அரம் போட்டாள், அட்டை வைத்தாள், மறுபடி அரம் போட்டாள். படத்தின் கூர்மை சரியானபோது மூலையில் வெளிச்சம் கசிந்தது. பழைய குடைத்துணியைக் கிழித்து இடுக்கெல்லாம் ஒட்டினாள். சமையலறை மேசை பூராவும் திருகாணி.

சேதுவுக்கு இது பிடிக்கவே இல்லை.

“நெகட்டிவ் இல்லாத படம் என்ன படம், அமரா? நாளைக்கு யாராவது காப்பி வேணும்னு வந்து நின்னா?”

“ஐ.சி. படத்துக்கு யாருங்க காப்பி கேக்கப் போறா? நீங்க ஒண்ணு!”

அந்த வருஷம் அவள் போகாத தோட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவாள். படம் எடுத்து, தாளை இழுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து மேல்தாளை உரித்தால் முகம் வந்துவிடும். ஜனங்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். முதலில் பிலிம் பெட்டியையும் கூடவே எடுத்துப் போய்க்கொண்டிருந்தவள், பிறகு சுமை எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் முடிந்து மூட்டை கட்டுகிற நேரத்தில் வேலம்மா வந்தாள். இடுப்பில் ஆறேழு மாதப் பெண் குழந்தை. பின்னால் அவள் புருஷன் இராமையா, இன்னும் ஒரு புருஷன் பெஞ்சாதி.

“எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுங்கக்கா. புள்ள இன்னிக்கி ஊருக்குப் போவுது” என்றாள் வேலம்மா.

பேச்சிலிருந்து விஷயம் தெரிந்தது. வேலம்மாவுக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். இராமையாவின் சித்தப்பா மகன் அழகேசன் உலு யாமில் மரப்பட்டறையில் வேலை செய்கிறான். அவனுக்கும் அவன் பெஞ்சாதி தங்கமணிக்கும் குழந்தை இல்லை. இந்தப் பிள்ளையை அவர்களுக்குத் தத்துக் கொடுப்பதென்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தாயிற்று.

போலராய்டில் ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. அமராவதி எடுத்தாள். உரித்ததும் வழக்கம்போல் முதலில் நான்கு மூலையையும் பார்த்தாள். வெளிச்சம் கசியவில்லை. காதோரத்து முடிகூடத் தனித்தனியாக விழுந்திருந்தது. உரித்த தாளைக் கசக்கிக் கால்வாயில் போட்டுவிட்டு, படத்தை வேலம்மாவிடம் நீட்டினாள்.

வேலம்மா அதைப் பிடித்த கையைத் தாழ்த்தவே இல்லை. அழகேசன்தான் தொண்டையைச் செருமினான்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அது எங்ககிட்ட இருக்கட்டும். இங்க இருந்தா நீங்க தெனம் எடுத்து எடுத்துப் பாப்பீங்க. மனசு ஆறாது லா.”

வேலம்மா புருஷனைப் பார்த்தாள். இராமையா தலையைக் குனிந்துகொண்டான். அவள் படத்தைக் கொடுத்தாள். பிறகு குழந்தையையும் கொடுத்தாள். அமராவதி வேட்டியை மடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீபாவளி கழிந்து வேலம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். பஸ் பயணத்தில் சேலை கசங்கியிருந்தது.

“அந்தப் படத்துல இன்னொரு காப்பி போட்டுக் குடுங்கக்கா. ஊட்டுக்காரருக்குத் தெரியாது.”

“அதுக்கு நெகட்டிவ் கெடையாதும்மா. ஒரு படம்தான்.”

வேலம்மாவுக்கு அது விளங்கவில்லை. “எந்தக் கடையிலயும் கறுப்புப் பிலிமு வச்சிருப்பாங்களேக்கா. நல்லாத் தேடிப் பாருங்க, நான் ஒக்காந்திருக்கேன்.”

சேது இருட்டறைக் கதவருகே வந்து நின்றார். திட்டியிருந்தால் அமராவதிக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். விளக்கிச் சொல்லி முடித்தபோது வேலம்மா சுவரில் மாட்டியிருந்த அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படத்துல அது கண்ணு தொறந்திருந்துச்சாக்கா? நான் சரியாப் பாக்கல. கண்ணுல தண்ணி.”

அமராவதி யோசித்துப் பார்த்தாள். மூலைகள் ஞாபகம் இருந்தன. காதோரத்து முடி ஞாபகம் இருந்தது. குழந்தையின் கண் ஞாபகம் இல்லை.

“தெரியலம்மா” என்றாள்.

அடுத்த வாரமே உலு யாமுக்குப் புறப்பட்டாள். படத்தை இரவல் வாங்கி, அதை வைத்து இன்னொரு படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம். ஜெர்மன் கேமராவில் இந்தமுறை பிலிம் பெட்டியை மாட்டிக்கொண்டாள். ராவாங்கில் பஸ் மாறி, மழையில் நனைந்து, மரப்பட்டறைக்குப் பின்னால் வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானம். தங்கமணி மட்டும் இருந்தாள். காப்பி கலக்கிக் கொடுத்தாள். படம் என்றதும் குரல் தணிந்தது.

“அது இல்லீங்கக்கா. அவர் அடுப்புல போட்டுட்டாரு. நாளைக்குப் புள்ள வளந்து, இது யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். நான் வேணான்னுதான் சொன்னேன்.”

அறையிலிருந்து குழந்தை தவழ்ந்து வந்து தங்கமணியின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“சரி, இப்ப ஒண்ணு எடுத்துக்கறேனே? ஒரு நிமிஷம்தான்.”

“வேணாங்கக்கா.” தங்கமணி குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “வந்த புதுசுல அழுதழுது காய்ச்சலே வந்துருச்சு. இப்பத்தான் என்னை அம்மான்னு கூப்புடுது. அங்க ஒரு படம் போச்சுன்னா, அவங்க பாக்க வருவாங்க. என்னால முடியாதுக்கா.”

அவள் பொல்லாதவள் இல்லை. அதுதான் அமராவதிக்குச் சங்கடமாகப் போயிற்று. பையைத் திறக்காமலே எழுந்தாள். ஆனால் போவதற்கு முன் குழந்தையை நன்றாகப் பார்த்தாள், பரீட்சைக்குப் படிக்கிறவளைப்போல.

வேலம்மாவைத் தோட்டத்துப் பைப்படியில் பிடித்தாள். பால்வாளி கழுவிக்கொண்டிருந்தாள். படம் எரிந்துபோனதை அமராவதி மறைக்காமல் சொன்னாள்.

“எல்லாம் என்னாலதான்மா. பிலிம் பெட்டியை வீட்டுலயே வச்சுட்டு வந்தேன். அதுல ஒண்ணு எடுத்திருந்தா இன்னிக்கி ஒனக்கு எத்தனை வேணும்னாலும் போட்டுக் குடுத்திருக்கலாம்.”

வேலம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “புள்ளையப் பாத்தீங்களா?”

“பாத்தேன். புடிச்சுக்கிட்டு நிக்கிது. கீழ ரெண்டு பல்லு. கண்ணு பெருசு, இமை நீளம். முடி சுருட்டை.”

“சுருட்டையா? இங்க இருந்தப்ப நேரா இருந்துச்சே.”

“இப்ப சுருட்டைதாம்மா.”

“எங்க ஆயி வழி” என்றாள் வேலம்மா. அடுத்த வாளியை எடுத்துக்கொண்டே, “பல்லு கீழயா, மேலயா சொன்னீங்க?”

“கீழ.”

“போதுங்கக்கா. இனிமே போவாதீங்க. தங்கமணி பயந்துக்குவா.”

இரண்டு வருஷத்தில் இராமையா குடும்பம் தோட்டத்தை விட்டு ராவாங் பக்கம் போய்விட்டது. ஃபேக்டரியில் வேலை என்று கேள்வி. அமராவதி தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போய்வந்தாள். இப்போது இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள்; முதலில் பிலிமில் ஒன்று, பிறகு போலராய்டில் ஒன்று. கேட்காதவர்களுக்கும் எடுத்தாள். பிலிம் வீணாகிறதே என்று சேது ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கிக் கழுவி, டின்னில் வைத்தார். பெரும்பாலான நெகட்டிவுகளைத் தேடி யாரும் வரவில்லை.