வேன் முதுகில் இருந்த பாஸ்வேர்டு

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை வாட்ஸ்அப்பில் ஆசிரியர்கள் குரூப்பில் போடுவதற்குப் பதிலாகப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை பரீட்சை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருடமாக டி.டி.பி. வேலை பார்க்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு. அதனாலோ என்னவோ பயம் அதிகம். கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ஒரு தனியார் பள்ளிக்கு வினாத்தாள் டைப் அடிப்பதும், பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புவதும் நான்தான். இரண்டு குரூப்புக்கும் முகப்பில் ஒரே படம். விரல் மாறிவிட்டது.

வினாத்தாள் தயாரித்தவர் செல்வி டீச்சர். வேலைக்குச் சேர்ந்து முதல் பரீட்சை. கேள்வி வெளியே போனால் அவர் வேலையும் போய்விடும்.

‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுத்தேன். அதற்குள் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். பி.டி.எஃப்.புக்கு பாஸ்வேர்டு உண்டுதான். வழக்கமாகப் போடுவது பள்ளி போன் நம்பரின் கடைசி நாலு எண். அன்று மதியம் பள்ளி வேன் கடை வாசலில் நின்றபோது பார்த்தேன், முதுகு முழுக்க அந்த நம்பர்! பிள்ளைகள் தினமும் பார்த்து ஏறுகிற நம்பரையா பூட்டாகப் போடுகிறோம் என்று பயந்து, நீளமான வேறொன்றாக மாற்றினேன். மாற்றியதை சேவ் பண்ணினேனா? ஞாபகம் வரவில்லை.

போன் அடித்தது. பெற்றோர் குரூப்பில் இருக்கும், தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்.

“என்னவே, குரூப்புல ஏதோ போட்டுட்டு அழிச்சிட்டீரு? எம் மவன் அதுக்குள்ள டவுன்லோடு பண்ணிட்டான்.”

“தொறந்துச்சா அண்ணாச்சி?”

“எங்க தொறக்கு? வேன் முதுகுல இருக்க போன் நம்பர்ல மொத நாலு, கடைசி நாலு எல்லாம் போட்டுப் பாத்துட்டான். இந்த அக்கறைய கணக்குல காட்டுனா பாஸாயிருவான்!”

உடனே செல்வி டீச்சரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“தொறக்கலைல்லாண்ணே?” என்று கேட்டார்.

“தொறக்கல டீச்சர். குரூப்பு மாறுனது என் தப்பு. ஹெட்மாஸ்டர்ட்ட நானே வந்து சொல்லுதேன்.”

உடனே போய்ச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் ஃபைலைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அவரும் முதலில் தட்டியது வேன் முதுகில் இருக்கும் நம்பரின் கடைசி நாலைத்தான். திறக்கவில்லை.

“பரீட்சை நடக்கட்டும். வேய், நீரு பயந்தது நல்லதாப் போச்சு” என்றார்.

அடுத்த பரீட்சைக்கும் செல்வி டீச்சர்தான் வினாத்தாள் தயாரித்தார். இப்போது தாளுக்குத் தாள் வேறு பாஸ்வேர்டு. அதை மெசேஜில் எழுதுவதில்லை, போனில் கூப்பிட்டுச் சொல்கிறேன். அனுப்பும் முன் குரூப் பெயரை மூன்று தடவை வாசிக்கிறேன். பயப்படுகிறவனுக்கும் இந்த வேலையில் இடம் இருக்கிறது.