முள்ளிப்பட்டில் ஓரடிச் செம்மண்

காலை 6.10க்குப் பூந்தமல்லியில் ஆரணிப் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். மூன்று மணி நேரம்.

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் என் அக்கா செல்வியும் மாமா குமரேசனும் பட்டு நெய்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் அவர்கள் வீடு கட்ட வாங்கிய மனையைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான்தான். சென்னையில் சிமெண்ட், கம்பி விற்கும் கடையில் பில் போடுகிறேன். அதனாலேயே எனக்குக் கட்டடம் தெரியும் என்று நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. இப்போது அங்கே கட்டிய வீட்டை விற்கிறார்கள். வாங்குகிறவர் பார்க்க வருகிறார், நீயும் வந்து நில்லுடா என்று அக்கா கூப்பிட்டிருந்தாள்.

8.30க்குச் செய்யாறு தாண்டியதும் மேட்டில் வேர்க்கடலை பிடுங்கிய செம்மண் கொல்லைகள் வந்தன. பள்ளத்தில், ஏரியை ஒட்டி, காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கறுப்புக் களிமண். ஐந்து நிமிட ஓட்டத்துக்குள் மண் இரண்டு முறை மாறியது. இத்தனை முறை இந்த வழியில் வந்தும் நான் ஜன்னலில் பார்த்ததெல்லாம் வெறும் வயல்தான்.

9.20க்கு ஆரணி. ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பினார்.

“ஏரியோரத்து மனைங்களா? மழைக்காலத்துல உள்ள வரமாட்டேன் சார். மண்ணு சக்கரத்தப் புடிச்சிக்கினு வுடாது. ஒரே பேஜாரு.”

வீடு புதுப் பச்சை வர்ணத்தில் இருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஓடிய விரிசல்களை மாமா பூசி மறைத்திருந்தார். உள்ளே தறிக்குழி. நெய்கிறவர் கால் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழியில் மழைக்குத் தண்ணீர் ஊறும். வெயிலுக்கு மண் சுருங்கித் தறியின் கால்கள் சாயும். பாவு நூல் ஒருபக்கம் தளர்ந்து நெசவு கோணலாகி, இரண்டு சேலைகள் திரும்பி வந்துவிட்டன.

மனை பிரித்து விற்றவர் களிமண்மேல் ஓரடிக்குச் செம்மண் பரப்பியிருந்தார். நான் பார்க்கப் போனது மே மாதம். குதிகாலால் உதைத்துப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு மாமா” என்றேன். ஒரு குழி தோண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டின் மூன்றடிக் கடைக்கால் களிமண்ணிலேயே நின்றது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. வீட்டையும் தன்னோடு தூக்கி இறக்கியது.

11 மணிக்குக் கண்ணமங்கலத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகப்போகும் மகளுக்காக வீடு தேடுகிறார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார்.

“மழையில எப்படிங்க?”

“ஒண்ணும் ஆவாதுங்க” என்றார் மாமா.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நீங்க கட்டட சாமான் கடையில கீறீங்களாமே. நீங்க சொல்லுங்க தம்பி. எம்பொண்ணு குடியிருக்கலாமா?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

“கொல்லைப்பக்கம் ரெண்டடி தோண்டிப் பாருங்கம்மா” என்றேன்.

கடப்பாரையை அவரே கையில் வாங்கித் தோண்டினார். ஓரடிக்குக் கீழே கறுப்பு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கயிறாகத் திரித்து வளைத்தார். உடையாமல் மோதிரம்போல் வளைந்தது.

“நல்ல களி” என்றார். “பான செய்யலாம்.” கையைக் கழுவிக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாமா குழியை மூடினார். அக்காதான் பேசினாள்.

“அன்னிக்கி எங்களுக்கு வராத வாயி, இன்னிக்கி அவங்களுக்கு வந்துடுச்சா?”

அதன்பின் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். போதுமா என்று கேட்கவில்லை. நானும் போதும் என்று சொல்லத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் 2.40க்கு ஆரணியில் திரும்பும் பேருந்து. சென்னையில் நான் வாடகைக்கு இருப்பது மூன்றாம் மாடியில். எனக்குக் கீழே என்ன மண் என்று பத்து வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சுவர் வெடித்தால் வீட்டுக்காரர் பாடு, நான் வேறு வீடு பார்ப்பேன். அந்தத் துணிச்சலில்தான் அடுத்தவர் மனையை உதைத்துப் பார்த்து நல்ல மண் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

காஞ்சிபுரம் நெருங்கும்போது மாமா போனில் கூப்பிட்டார்.

“ஊருக்குப் போய்ச் சேந்துட்டியா?”

“இன்னும் இல்ல மாமா.”

“வர ஞாயித்துக்கெழம வேற ஒருத்தர் பாக்க வராரு. நீ வராத மச்சான்.”

“சரி மாமா” என்றேன்.