பாக்கியரத்தினம் மாஸ்டரின் ஏழாவது வரி

பாக்கியரத்தினம் மாஸ்டர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேசையில் கிடந்த தாளின் மேல் வைத்தார். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகியிருந்தது. அந்தக் கை இப்போது தாள் பறக்காமல் பிடிப்பதற்கு மட்டும் உதவியது. அடிமட்டத்தின் ஒரு முனையை அதன் கீழே செருகிவிட்டு, இடது கையால் பென்சிலை எடுத்து மெதுவாகக் கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் வளைந்தது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். நான் கீழே உட்கார்ந்து அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இது 2005ஆம் ஆண்டு ஆவணியில். யுத்தம் நின்று, சமாதானம் என்று பெயர். ஆனாலும் கப்பல்துறையிலிருந்து ரவுண் கடைகளுக்குப் போவதற்குள் இரண்டு இராணுவச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. மாஸ்டர் கப்பல்துறையில் தன் தங்கை குணேஸ்வரியின் வீட்டில் இருந்தார். நான் அரச ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்று, முதியோர் பராமரிப்புக்கு ஆறு மாதப் பயிற்சியும் எடுத்திருந்தேன். அதனால் குணேஸ்வரி அண்ணாவைப் பராமரிக்க என்னைப் பிடித்தாள். தாதியை மிசி என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

கணக்குப் போடச் சொன்னவள் நான்தான். மூளையில் அடி விழுந்தவர்கள் தங்களுக்குக் கைவந்த வேலையை நாளுக்குக் கொஞ்சமாவது செய்ய வேண்டும். இதற்கு முன் பார்த்த அம்மா ஒருவரை அரிசியில் கல் பொறுக்க வைத்தேன். மாஸ்டரிடம் கேட்டபோது, தன் பழைய அட்டவணையை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன் என்றார். அவருடைய பேச்சு குழறும். வாய்க்குள் சோறு வைத்துக்கொண்டு கதைப்பது போல இருக்கும். இரண்டு மாதத்தில் எனக்கு முழுவதும் விளங்கத் தொடங்கியது. குணேஸ்வரிக்குப் பாதிதான் விளங்கும். மற்றவர்களுக்கு ஒன்றுமே விளங்காது.

அந்த அட்டவணை என்னவென்று சொல்ல வேண்டும். மாஸ்டர் கட்டைபறிச்சானில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, அங்கேயே ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி தொடங்கினார். ஒரு அணுவின் மேல் இன்னொரு துணிக்கை வந்து மோதினால் என்ன நடக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், போட்டிருந்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தார். பேராசிரியர் கனடாவுக்குப் போய்விட்டார். மாஸ்டர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். கலியாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பின்னேரங்களில் தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

வானத்தில் செத்துப்போன நட்சத்திரங்கள் உண்டாம். சூரியன் அளவு பாரம், எங்கள் கொட்டியார்க் குடாக் கடல் அளவுக்குள் நசுங்கிக் கிடக்குமாம். அவற்றில் சிலவற்றுக்குப் பயங்கரமான காந்த சக்தி. அதற்குள் அகப்பட்டால் அணுகூட உருமாறிவிடும் என்று ஒருநாள் உடம்பு துடைக்கும்போது எனக்கு விளக்கினார். தேங்காய் மாதிரி இருக்கிற அணு ஈர்க்கு மாதிரி நீண்டுவிடும். ஈர்க்கின் நுனியைப் பார்த்துக் கல் எறிந்தால் படுவது அருமை. பக்கவாட்டில் எறிந்தால் படும். எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் வந்தால், எத்தனைக்கு ஒன்று படும்? இதுதான் அட்டவணை. பதினான்கு வரி. மூன்று வருடம் போட்ட கணக்கு.

கொம்பியூட்டரில் ஒரு நாளில் முடிக்கலாமாம். கட்டைபறிச்சானில் மின்சாரமும் இல்லை. அவருடைய கல்குலேற்றர் தொண்ணூற்றொன்றில் பற்றரி தீர்ந்து நின்றது. யுத்தத்தால் அந்தப் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. ஆகவே பள்ளிக்கூடத்து மடக்கைப் புத்தகத்தை வைத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கறையான் தின்றிருந்தது. தின்ற வரிகளைத் தானே கணித்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சோற்றால் ஒட்டிக்கொண்டார். தொண்ணூற்றாறில் பேராசிரியர் அந்த அட்டவணையை இருவர் பெயரிலும் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் போட்டார்.

இப்போது வேறு மடக்கைப் புத்தகம் வைத்து மறுபடி போட்டபோது, ஏழாவது வரி பழைய வரியோடு ஒத்துவரவில்லை. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் செய்தது அவரைச் சிரிக்கச் சொல்லி வாய்க் கோணலைப் பார்த்தது. பிறகு பிறெஷர் பார்த்தேன். இரண்டாவது தாக்கம் என்றுதான் நினைத்தேன். அவர் எரிச்சல்பட்டார். ஆறு தடவை போட்டார். நான் ஒரு கல்குலேற்றர் வாங்கி வந்து கொடுத்தேன். அதுவும் புதுக் கணக்கைத்தான் காட்டியது. பிறகு பெட்டியிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்து, ஒட்டிய துண்டைப் பார்த்தார். 9395 என்று இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்தில் 9359 என்று இருந்தது. ஏழாவது வரிக்கு அந்த எண்ணைப் பன்னிரண்டு மடங்கு எடுத்திருந்தார். விடையில் பத்தில் ஒரு பங்கு பிழை.

அன்று அவர் சாப்பிடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

கெட்ட காலம், அதற்கு முந்திய மாதம்தான் பேராசிரியரின் கடிதம் வந்திருந்தது. அப்படியான நட்சத்திரங்களை ஆராய்கிறவர்கள் இரண்டு இடத்தில் மாஸ்டரின் அட்டவணையை எடுத்துப் பாவித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். குணேஸ்வரி அதை ஊரெல்லாம் சொன்னாள். கல்வி மேம்பாட்டுச் சபை என்று ஒன்று வைத்திருந்த சோமசேகரம் உடனே பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். அவர் அரசாங்கக் கந்தோரில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டியும் வாசனைத் தைலமுமாக வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"மாஸ்டர், உங்கட நட்சத்திரத்தைப் பாக்க ஊரே திரண்டு வரப்போகுது!"

மாஸ்டர் ஏதோ சொன்னார். சோமசேகரம் என்னைப் பார்த்தார்.

"விழா இப்ப வேண்டாமாம்," என்றேன். "ஏழாவது வரி பிழையாம். முதல்ல கனடாவுக்குத் திருத்தம் அனுப்பவேணுமாம்."

"பிழையோ? ஆர் பிடிச்சது?"

"அவர்தான்."

"வேற ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"பிறகென்ன!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "மிசி, ஆஸ்பத்திரியில நீங்கள் எத்தினை பேருக்கு மருந்து மாத்திக் குடுத்திருப்பியள். எல்லாத்தையும் மைக்கில சொன்னனீங்களே?"

"ஒருக்கா மாத்திக் குடுத்தனான். மைக்கில சொல்லேல்லை. பெரிய டொக்டரிட்டைச் சொன்னனான், அந்த நிமிசமே."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். குணேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள்.

"அண்ணா, சும்மா இருங்கோ. இருபத்தொரு வருசமாப் பிள்ளையளுக்குக் கத்தினியள், என்ன கிடைச்சது? இந்த ஒரு மாலைதான். அதையும் வேண்டாமெண்டால் நான் என்ன செய்ய?"

பேராசிரியரின் விலாசமும் ஈமெயிலும் அந்தக் கடிதத்தில்தான் இருந்தன. குணேஸ்வரி கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். விழா முடியட்டும், பிறகு தருகிறேன் என்றாள். அவள் கெட்டவள் அல்ல. ஆனால் அன்று அவள் தந்த தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார்: ஏற்புரையில் பிழையைத் தானே சொல்வார். சோமசேகரம், "ஓம் ஓம், தாராளமாச் சொல்லுங்கோ," என்றார். மாஸ்டர் நான்கு நாள் உட்கார்ந்து இடது கையால் திருத்தத்தை ஒரு தாளில் எழுதினார். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'பிழை' என்று போட்டார்.

விழா ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. மாஸ்டரைக் கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். முதல் மாலையில் முசுறு எறும்பு இருந்தது. அது அவருடைய செயலிழந்த பக்கத்துக் கழுத்தில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்ததை அவரும் உணரவில்லை, மாலை போட்டவரும் பார்க்கவில்லை. நான் ஏறிப்போய்த் தட்டிவிட்டேன். பிறகு பொன்னாடை. நைலோன் துணி, அந்த வெக்கையில். ஒன்று போதாதென்று ஐந்து பேர் ஐந்து போர்த்தினார்கள். ஒவ்வொருவரும் போர்த்திவிட்டுக் கமெராவைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

பேச்சுகள் தொடங்கின. ஒருவர், மாஸ்டர் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார் என்றார். அடுத்தவர், இரண்டு நட்சத்திரம் என்றார். இன்னொருவர், அணுவை நம் முன்னோர் அன்றே பிளந்துவிட்டார்கள் என்றும் வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்றும் முக்கால் மணித்தியாலம் பேசினார். அட்டவணை என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று மணித்தியாலம். ஒரு தடவை அவரை இறக்கித் தாருங்கள், மூத்திரப் போத்தல் வைக்க வேண்டும் என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு பேச்சுத்தான் மிசி," என்றார்கள். நான்காவது பேச்சில் அவருக்கு உடுப்போடு போய்விட்டது. சோமசேகரம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், லேஞ்சித் துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அரை அடி தள்ளி இருந்தார். புகைப்படத்துக்குக் கூப்பிட்டபோது லேஞ்சியை மடித்து வைத்துவிட்டு, மாஸ்டரின் தோளைக் கட்டிப்பிடித்தார். படம் எடுத்து முடிந்ததும் திரும்பவும் லேஞ்சி.

ஆஸ்பத்திரியில் சீழும் மலமும் வாந்தியும் முப்பது வருடம் அள்ளியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. அந்த லேஞ்சியைப் பார்த்தபோது வந்தது.

கடைசியில் ஏற்புரை. மைக்கை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள். மாஸ்டர் தாளைப் பார்த்து, தன்னால் இயன்றவரை நிதானமாகச் சொன்னார். என்னுடைய அட்டவணையின் ஏழாவது வரி பிழை. அது என்னுடைய பிழை. அதை வைத்து ஆராய்ச்சி செய்தவர்கள் அந்த வரியை விட்டுவிட வேண்டும். சரியான எண்கள் இவை. பிறகு எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எனக்கு ஒவ்வொரு எண்ணும் விளங்கியது. மண்டபத்துக்குக் கேட்டது வெறும் குழறல். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

சோமசேகரம் மைக்கை வாங்கினார். "மாஸ்டர் உணர்ச்சிவசப்பட்டு உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்கிறார்," என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

நான் மேடை ஓரத்துக்குப் போய்ச் சோமசேகரத்தின் காதில் சொன்னேன்: "அவர் நன்றி சொல்லேல்லை."

"தெரியும் மிசி," என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே.

நான் மைக்கைப் பறித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஈரத்தோடு இருக்கிற மனிதனை முதலில் இறக்க வேண்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஒரு கசப்பு. இறக்கும்போது சோமசேகரம் மாஸ்டரின் மடியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டார். "மாஸ்டரின்ர கையெழுத்து. சட்டம் போட்டுச் சபையில மாட்டுவம்," என்றார். கொட்டை எழுத்தில் 'பிழை' என்று போட்ட தாளை! அதை அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் நானும் குணேஸ்வரியும் சேர்ந்து மாஸ்டரைக் கழுவி உடுப்பு மாற்றினோம். பொன்னாடைகளில் ஒன்றைத்தான் துடைக்க எடுத்தேன். அது தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை. மாஸ்டர் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணேஸ்வரி அவருடைய கழுத்தில் முசுறு கடித்த தடிப்புகளை விரலால் தடவினாள்.

"மிசி, அண்ணா அங்க என்ன சொன்னவர்?"

சொன்னேன்.

"அந்தாள் நன்றி எண்டெல்லோ சொன்னது."

"ஓம்."

"மூக்கைப் பொத்தினதையும் பாத்தனான்," என்றாள்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு நான் போனபோது அலுமாரி திறந்திருந்தது. கடிதம் மேசையில் இருந்தது. குணேஸ்வரி அண்ணாவுக்குச் சேர்ட் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள். தாள் போய்விட்டதால் மாஸ்டர் எண்களை மறுபடி எழுதியிருந்தார். மூன்று பேரும் ஓட்டோவில் ரவுணுக்குப் போனோம். வழியில் இரண்டு இடத்திலும் பையைத் திறந்து காட்டினோம்.

அன்ஸாரின் கொமினிகேஷன் கடையில் ஈமெயில் வசதி இருந்தது. அன்ஸார் அப்போதுதான் கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிசி, வாங்க மாஸ்டர். நேத்துப் பெரிய விழாவாமே. என்ன, நன்றிக் கடிதமா?"

"இல்லைத் தம்பி. பிழை விட்டதெண்டு சொல்லுற கடிதம்."

அன்ஸார் விசைப்பலகையை இழுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கடையில இருந்து கனடாவுக்குப் போற எல்லா மெயிலும் காசு கேட்டுத்தான் போகும். பிழை விட்டுட்டன் எண்டு ஒரு மெயில் இன்னும் போகல்ல. சொல்லுங்க, அடிப்பம்."

மாஸ்டர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அன்ஸார் அடித்தார். ஆங்கிலத்தில் மூன்று வசனம், பிறகு எண்கள். ஒவ்வொரு எண்ணையும் அன்ஸார் உரத்து வாசிக்க, மாஸ்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். நான்காவது எண்ணில் தலையாட்டவில்லை. அன்ஸார் ஒரு பூச்சியத்தை விட்டிருந்தார். திருத்தினோம். கறையான், ஒட்டிய துண்டு, 9359, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். குணேஸ்வரி, கறையானை விடலாமே அண்ணா என்று ஒரு தடவை கேட்டாள். அவர் விடவில்லை.

"முடிஞ்சுதா? அனுப்பட்டா?" என்றார் அன்ஸார்.

மாஸ்டர் முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்ஸார் வாசித்தார். ஒன்பது மணிக்கு அனுப்பினோம்.