அலவி மாமாவின் பங்குக் கணக்கு

"ஷஸ்னா, மோட்டர் போட வாணாம். பாஸ்கல் ஏறுது."

மாடிப்படியின் அடியில் நின்று அலவி மாமா எனக்கு இப்படிக் குரல் கொடுப்பதைப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுவருகிறேன். தண்ணீர் மோட்டர் ஓடத் தொடங்கினால் கீழே மின்சாரம் ஒரு கணம் தளரும். அந்த ஒரு கணத்தில் அவருடைய கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும்; நிரலை ஏற்றும் கசற்றை மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும். உம்மா மாவு பிசைந்த கையோடு தண்ணீருக்குக் காத்திருப்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் வீடு. மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழே முன்னறையில் அந்த ஸ்பெக்ட்ரம் கணினி: ரப்பர் விசைகள் கொண்ட சின்னக் கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கசற் ரெக்கோடர், பின்னால் வயிறு பெருத்த பழைய டீவி. எண்பதுகளில் சவூதியின் தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது வாங்கியது. கூட இருந்தவர்கள் அதில் விளையாடினார்கள். இவர் பாஸ்கல் என்ற கணினி மொழியின் கம்பைலர் கசற்றைத் தேடி வாங்கினார். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். வேலை முடிந்ததும் உப்புக்காற்றுப் படாமல் கணினி பிஸ்கட் தகரத்துக்குள் போகும். ஈரம் உறிஞ்ச, துணியில் கட்டிய ஒரு பிடி அரிசியும் கூடப் போகும்.

இத்தனை காலத்தில் அவர் எழுதியது ஒரே ஒரு நிரல். ஒருவர் மவுத்தானால் இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி அவர் விட்டுப்போன சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று அது சொல்லும். வத்தளையிலிருந்தும் கொலன்னாவையிலிருந்தும் குடும்பங்கள் தேடி வருகின்றன. சொத்தின் பெறுமதியைச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"அது எனக்கி வாணாம். யார் முந்தி மவுத்து? அதச் செல்லுங்க."

முதல் சாவின் பங்கைப் பிரிக்குமுன் அடுத்த சாவு வந்துவிட்டால் பங்குக்குள் பங்கு பிறக்கும். ஆண்கள் அந்த இடத்தில்தான் கதையைக் குழப்புவார்கள். பெண்களைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்ச் சரியான வரிசையை எடுத்து வருவது அவருடைய தங்கை ஷஹீமா மாமி. கணவரை இழந்தவர். மட்டக்குளியில் வாடகைக்கு இருந்துகொண்டு வெள்ளிக்கிழமைதோறும் வருவார்.

சென்ற ஆண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று தலைமுறையாகப் பிரிக்காத வீடு. எல்லாப் பெயரும் ஏற்றி முடிந்ததும் ஒரு பேத்தியின் பங்கு மைனஸில் வந்து நின்றது.

"அப்ப நான்தான் வீட்டுக்குக் கட்டணுமா?" என்றாள் அவள். அறையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

அந்தக் கம்பைலர் முழு எண்களை முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான் பிடிக்கும். தாண்டினால் மைனஸுக்குள் விழும். பின்னத்தின் கீழெண் தாண்டியிருக்க வேண்டும் என்றேன்.

"அது தெரியும் மகள். ஆனா அவ்வளவுக்குப் போகாதெண்டு நெனச்சேன். இவ்வளவு காலம் ஆராச்சும் பிரிக்காம வெச்சிருப்பாங்களா?"

ஷஹீமா மாமி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கணம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

தசமத்தில் போடலாமே என்று கேட்டேன். "தசமத்தில மூண்டில ஒண்டு முழுசா வராது. கடைசியில கொஞ்சம் ஒழுகும். ஒழுகினது ஆர்ட பங்கு?" அந்த நோன்பு மாதம் முழுவதும் உட்கார்ந்து, பெருக்குமுன் ஒவ்வொரு பின்னத்தையும் சுருக்கும்படி நிரலை மாற்றினார். ஒவ்வொரு விடையையும் கையாலும் செய்து பார்த்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான், அதுவும் கணினியில். ஒரு பின்னத்துக்காக யாரும் இப்படிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அடுத்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. அவர் இருக்கும் வீடு அவருடைய வாப்பாவின் வீடு. வாப்பாவும் உம்மாவும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டே பேர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்றில் ஒன்று தங்கைக்கு. அதைச் சொல்லக் கணினி தேவையில்லை. இன்னும் பிரிக்கவில்லை. மாடி வாடகையில்தான் மாமாவின் சீவியம் போகிறது. அவர் பிரித்தால் மாடிதான் போகும், நாங்களும் போவோம். நான் கேட்காமல் இருப்பது மரியாதையினாலா, அதனாலா என்று எனக்கே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை, வந்த குடும்பம் போன பிறகு, தட்டொன்றைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். திரை அடுத்த பெயருக்குக் காத்திருந்தது. மட்டக்குளி வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார் என்று ஷஹீமா மாமி அன்று காலைதான் உம்மாவிடம் சொல்லியிருந்தார். இப்போது கணினியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாப்பாட பேரப் போட்டேன் நானா. மத்ததக் கேக்குது" என்றார், பின்னால் நின்ற அண்ணனிடம்.

"இண்டைக்கி கரண்ட் சரியில்ல தங்கச்சி."

"ஃபேன் நல்லாத்தானே சுத்துது."

"பொறகு பாப்பம்."

"பாருங்க. என்ட பங்கு எனக்குத் தெரியும். மெசின் செல்லணுமெண்டில்ல."

அந்தக் கணினிக்கு சுவிட்ச் கிடையாது. வயரைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும். மாமா வயர் வரை கையைக் கொண்டுபோனார். பிடுங்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண் மக்கள் எத்தனை என்று திரை கேட்டது. ஒன்று என்ற விசையை அழுத்தினார். பெண் மக்கள் எத்தனை என்று கேட்டது. விரல் அதே விசைக்கு மேலே, தொடாமல் நின்றது.