கோமதி அக்கா கடைசியாகப் போட்ட படம்

கோமதி அக்காவின் வீட்டுக்காரர் சுப்பையா மாமா என்னைப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "மாப்ள, உங்க அக்கா போயிட்டா" என்றார். காலையில் காபி போட எழுந்தவர் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். மதுரை பஸ் வந்து நின்று கிளம்பியது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

நம் திரைக்கழகத்துக்கு வந்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. செல்லூர்த் தறிக்கூடத்து மாடியில், தறிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பார்த்தோம். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அவர்தான் படம் தேர்ந்தெடுப்பார். விளக்கை அணைக்கும் முன் எழுந்து பேசுவார். கதையைச் சொல்ல மாட்டார், யாருக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்வார். ஒரு போர்ப் படத்துக்கு முன்னால் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி பாதியில தூங்கிருவாப்ல, எழுப்பாதீங்க" என்றார். தூங்கித்தான் போனேன்.

மாமா அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படம் முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மேலே வரச் சொன்னால், அதெல்லாம் உங்க அக்கா சமாச்சாரம் என்று சிரிப்பார். மழைக்குக்கூட மாடி ஏறியதில்லை.

கடைசிப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய மாளிகை. மனைவியை ஓவியமாக வரைய ஓர் ஆளை அமர்த்திவிட்டு, அடுத்த அறையில் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் கணவன். முதலில் அவனுக்கு அதில் ஒரு கிளர்ச்சி, பிறகு சந்தேகம், அதன்பின் ரத்தம். உள்ளே என்ன நடந்தது, அவன் எதைக் கற்பனை செய்துகொண்டான் என்பது கடைசிவரை தெரியாது. ஏனென்றால் அவன் அந்தக் கதவைத் திறப்பதேயில்லை.

அன்று அக்கா சொன்னார்: "உடம்பைப் பாக்க வந்தவங்க கொட்டாவி விடுவீங்க. கொலைகாரனைக் கண்டுபிடிக்க வந்தவங்களுக்குக் கோவம் வரும். கூட இருக்கிற ஆளை முழுசாத் தெரியும்னு நெனச்சு, ஒருநாள் தெரியலையேன்னு பயந்தவங்க இருங்க. புருஷன் பொண்டாட்டியா பாக்க வேண்டிய படம். நம்ம ஊர்ல யாரு வரப்போறா?" எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது மாமா என்னை வாசலில் நிறுத்தினார். அந்தப் படம் முடிந்து வீடு திரும்பும்போது வண்டியில் அக்கா வாயே திறக்கவில்லையாம். என்ன படம் என்று இவர் கேட்டதற்கு, உங்களுக்குப் புடிக்காது என்று மட்டும் சொன்னாராம்.

"நெசமாவே எனக்குப் புடிக்காதா மாப்ள?"

புடிக்கும் மாமா என்றேன்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னா?"

எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படம் தேர்ந்து கொடுத்தவர், இந்த மனிதரை ஒருமுறை கையைப் பிடித்து மேலே கூட்டி வந்திருக்கலாம். இவரும் கூப்பிடாமலே வந்திருக்கலாம்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, படத்துக்கு முந்தைய அந்தச் சின்னப் பேச்சைத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை மறுபடி போடுகிறோம். மாமா மாடி ஏறி வருகிறேன் என்றிருக்கிறார். அக்கா சொன்னதையெல்லாம் நான் அப்படியே சொல்லிவிடுவேன். புருஷன் பொண்டாட்டியாகப் பார்க்க வேண்டிய படம் என்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.